உபாத்தியாயர்களும் ஆன்லைன் பயிற்சியும்

(ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய ஒரு பொதுக்கூட்டத்தில், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் செய்த பிரசங்கத்தின் சாரம்)



பள்ளிக்கூட உபாத்தியாயர்கள் கம்ப்யூட்டர், செல்போன், இன்டர்நெட் முதலிய சாதனங்களைக் கையாளும் திறமையை ஆன்லைன் பயிற்சிகளின் மூலம் அடைவது எப்படி என்பதைப் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளையிடப்பட்டிருக்கிறது. எனக்கு முன் பேசிய தோழர் என்னை இந்த விஷயத்தில் நிபுணன் என்று புகழ்ந்துவிட்டார். நான் நிபுணன் அல்ல. 34 வருஷம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த யந்திரத்தைக் கண்டு பயந்து, அந்தப் பயத்தினால் ஒரு பெரிய தவறும் செய்து, பிறகு வயதான காலத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவன். இதைத் தவிர இதைப் பற்றிப் பேச எனக்கு வேறு யோக்கியதை கிடையாது. ஆதலால் நான் சொல்லுவதை, வயதானவன் சொன்னான் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் அறிவில் போட்டு அலசிப் பாருங்கள். சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு, மற்றதை இந்த மைதானத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

இங்கு வந்திருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் உபாத்தியாயர்கள் அல்ல. குடியானவர்களும், கடைக்காரர்களும், நெசவாளிகளும், கூலி வேலை செய்பவர்களும் வந்திருக்கிறீர்கள். "வாத்தியார் கம்ப்யூட்டர் படித்தால் நமக்கென்ன, படிக்காவிட்டால் நமக்கென்ன?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்து வாத்தியார் தெரியாததைச் சொல்லிக்கொடுக்க டியூஷன் வாத்தியார் இருக்கிறார்; அவரும் போதாவிட்டால் அப்பனும் மாமனும் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? அந்த ஒரே வாத்தியார்தான் இருக்கிறார். அவருக்குத் தெரியாதது உங்கள் பிள்ளைக்கும் தெரியாமல் போகிறது. ஆகவே இது வாத்தியார் கவலை மாத்திரமல்ல, உங்கள் கவலையே ஆகும்.

நான் செய்த தவறு

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களைக் குறை சொல்லுகிறவன் தன் முதுகை முதலில் காட்டுவது தான் யோக்கியமாகும்.

நான் தலைமை ஆசிரியனாக இருந்தபோது, பிள்ளைகளின் விவரங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமென்று உத்திரவு வந்தது. பேர், பிறந்த தேதி, தகப்பன் பேர், பாங்கிக் கணக்கு நெம்பர் எல்லாம் ஏற்ற வேண்டும். எனக்கு அந்த யந்திரத்தைத் தொடவே பயம். எங்கேயாவது தப்பாக அமுக்கி எல்லாம் அழிந்துபோனால் என்ன செய்வது என்ற பயம், அதைவிட, 50 வயதுக்கு மேல் சின்னப் பையன்களிடம் போய் "இது எப்படி?" என்று கேட்பதா என்ற வெட்கம். ஆகவே நான் என்ன செய்தேன்? பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் கடையில் பள்ளிக்கூடத்துப் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கடைப் பையன் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தான். என் பள்ளிக்கூடத்துச் சாவி கடைத்தெருச் சுவரில் தொங்கியது! எனக்கு அது சாவி என்றே தெரியவில்லை.

ஒரு வருஷம் கழித்து ஒரு தாய் என்னிடம் வந்தாள். செங்கல் சூளையில் வேலை செய்கிறவள். "எல்லாப் பிள்ளைக்கும் உதவிப் பணம் வந்திருக்கு. எம் பொண்ணுக்கு மட்டும் வரலியே சார்?" என்று கேட்டாள். "மேலே இருந்து வரவேண்டும் அம்மா" என்று சொல்லி அனுப்பினேன். இரண்டாம் தடவை வந்தாள். மூன்றாம் தடவை வந்தபோது அவள் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் சும்மா நின்றாள். பிறகு தேடிப் பார்த்ததில், அந்தப் பெண்ணின் பாங்கிக் கணக்கு நெம்பரில் ஒரு எண் மாறி இருந்தது. கடைப் பையன் தப்பாக அடித்திருக்கிறான். அதைச் சரியென்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டவன் நான். அந்தப் பணத்தை எதிர்பார்த்து அந்தத் தாய் கடன் வாங்கியிருந்தாள்.

தோழர்களே! தப்பு கடைப் பையனுடையதா? அவன் கூலிக்கு அடித்தான். தப்பு என்னுடையது. எனக்குத் தெரியாத ஒரு காரியத்திற்கு நான் கையெழுத்துப் போட்டேன். எழுதப் படிக்கத் தெரியாதவன் கந்துவட்டிக்காரன் பத்திரத்தில் கைநாட்டு வைத்தால் "அய்யோ, ஏமாந்தானே" என்று இரங்குகிறோம். படித்த தலைமை ஆசிரியன் நான் வைத்ததும் கைநாட்டுத்தான். ஆனால் அந்தக் கைநாட்டினால் நஷ்டப்பட்டது நானல்ல. ஒரு கூலிக்காரியின் மகள். அன்றைக்குத் தான் எனக்குச் சுயமரியாதை என்ற வார்த்தைக்கு ஒரு புது அர்த்தம் தெரிந்தது. தன் வேலையைத் தானே செய்யத் தெரியாதவனுக்குத் தன்மதிப்பு எங்கிருந்து வரும்?

தீட்சையும் நிஷ்டையும்

சர்க்கார் இதற்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மத்திய சர்க்கார் 2017ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 5ந் தேதி, ஆசிரியர் தினத்தன்று, "தீக்ஷா" என்ற ஆன்லைன் மேடையை ஆரம்பித்தது. 2019ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் "நிஷ்டா" என்ற பயிற்சித் திட்டம் வந்தது. தேசமெங்கும் சுமார் 42 லட்சம் தொடக்கக் கல்வி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என்பது அதன் நோக்கம். கொரோனா வந்து பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்தபோது, 2020ஆம் வருஷம் அக்டோபரில் அதே பயிற்சி 18 பாடங்களாகத் தீக்ஷாவின் மூலம் ஆன்லைனில் வந்தது. பாடம் சொல்லிக்கொடுப்பதிலும் பரீட்சை பார்ப்பதிலும் கம்ப்யூட்டரையும் இன்டர்நெட்டையும் எப்படி உபயோகிப்பது என்பதும் அதில் ஒரு பாடம். 2020ஆம் வருஷத்து தேசியக் கல்விக் கொள்கையோ, ஒவ்வொரு ஆசிரியரும் வருஷத்திற்கு 50 மணி நேரமாவது தொழில் பயிற்சி பெற வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது.

பெயர்களைக் கவனித்தீர்களா? தீக்ஷா என்றால் தீட்சை. நிஷ்டா என்பதைக் கேட்டால் நம்மவர்களுக்கு நிஷ்டை தான் ஞாபகத்திற்கு வரும். நாமும் பேருக்குத் தகுந்தபடியே நடந்துகொண்டோம். தீட்சை வாங்கிக்கொண்டு நிஷ்டையில் உட்கார்ந்தோம், கண்ணை மூடிக்கொண்டு! (சிரிப்பு)

சிரிக்க வேண்டாம், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். வீடியோவை ஓடவிட்டு, சத்தத்தை அடைத்துவிட்டு, செல்போனைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தவர்கள் நம்மில் இல்லையா? கடைசியில் கேட்கும் கேள்விகளுக்கு விடை வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அதைப் பார்த்துப் புள்ளி வைத்தால் சர்டிபிகேட் வந்துவிடும். அதை அச்சடித்துப் பைலில் வைத்துவிட்டால் கடமை தீர்ந்தது. அர்த்தம் தெரியாத சுலோகத்தை ஆயிரம் தடவை சொன்னால் புண்ணியம் என்று நம்புகிறவனைப் பார்த்து நாம் பரிகாசம் செய்கிறோமே, அர்த்தம் தெரியாத வீடியோவை மூன்று மணி நேரம் ஓடவிட்டால் அறிவு என்று கணக்கு எழுதுகிற நமக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? அவன் கழுத்தில் தாயத்து. நம் பைலில் சர்டிபிகேட். இரண்டும் கட்டிக்கொண்டவனுக்குத் தைரியம் கொடுக்கும், நோய்க்கு மருந்தாகாது.

ஆன்லைன் பயிற்சி வேண்டாமா?

அப்படியானால் இந்தப் பயிற்சிகளையே ஒழித்துவிட வேண்டுமென்று நான் சொல்லுவதாக நினைக்கவேண்டாம். பழைய முறை எப்படி இருந்தது? தலைநகரில் நிபுணர் ஒருவர் பத்துப் பேருக்குச் சொல்லுவார். அந்தப் பத்துப் பேர் ஜில்லாவுக்கு வந்து நூறு பேருக்குச் சொல்லுவார்கள். அவர்கள் வட்டாரத்திற்கு வந்து மற்றவர்களுக்குச் சொல்லுவார்கள். மேட்டில் திறந்துவிட்ட தண்ணீர் வாய்க்காலிலேயே உறிஞ்சப்பட்டுக் கடைமடைக்கு ஈரம் மாத்திரம் வந்து சேருகிற மாதிரி, கடைசி வாத்தியாருக்கு வடையும் டீயும் வருகைப் பதிவும் தான் மிஞ்சும். ஆன்லைனில் அப்படியில்லை. சென்னையில் இருப்பவருக்கு என்ன பாடமோ அதே பாடம் மலைமேல் இருக்கிற ஓராசிரியர் பள்ளிக்கும் வருகிறது. புரியாவிட்டால் நிறுத்தலாம்; திருப்பிப் போடலாம்; பத்துத் தடவை கேட்டாலும் கோபித்துக்கொள்ளாது. கைக்குழந்தையை விட்டுவிட்டு ஐந்து நாள் வெளியூர் போக முடியாத பெண் ஆசிரியைக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம்! ஆகவே சாதனத்தின் மேல் குற்றமில்லை. அதை நடத்துகிற முறையிலும், நாம் அதை எடுத்துக்கொள்ளுகிற முறையிலும் தான் குற்றம் இருக்கிறது.

இந்தக் குற்றம் நம் ஊருக்கு மாத்திரம் உரியதுமல்ல. அமெரிக்காவில் ஹார்வர்டு, எம்.ஐ.டி. போன்ற பெரிய சர்வகலாசாலைகள் 2012ஆம் வருஷம் முதல் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம் என்று ஆன்லைன் படிப்புகளைத் திறந்துவிட்டன. உலகத்தில் இனி அறிவுப் பஞ்சமே இருக்காது என்று பலர் பேசினார்கள். எம்.ஐ.டி.யைச் சேர்ந்த இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆறு வருஷத்துக் கணக்கை எடுத்துப் பார்த்து 2019ஆம் வருஷம் பிரசுரித்தார்கள். 2017-18இல் சேர்ந்தவர்களில் படித்து முடித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 3 பேர்!

இப்பொழுது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். "இஷ்டமிருந்தால் படி" என்று விட்டால் நூற்றுக்கு மூன்று பேர் முடிக்கிறார்கள். "படித்தே தீரவேண்டும்" என்று உத்திரவு போட்டால் நூற்றுக்கு நூறும் முடிந்ததாகக் கணக்கு வருகிறது. உள்ளே பார்த்தால் காலி. தனியாக விட்டாலும் பயனில்லை, கட்டாயப்படுத்தினாலும் பயனில்லை என்றால், குறைவது என்ன? பக்கத்தில் ஒரு மனிதர் குறைகிறார். கையால் செய்ய வேண்டிய ஒரு வேலை குறைகிறது. இதுதான் இன்று நான் உங்களுக்குச் சொல்ல வந்த விஷயம்.

பெருவும் கேரளமும்

வெறும் யந்திரத்தை வாங்கிக் கொடுத்துவிட்டால் போதும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். தென் அமெரிக்காவில் பெரு என்று ஒரு தேசம். அந்தத் தேசத்துச் சர்க்கார் "ஒரு குழந்தைக்கு ஒரு லாப்டாப்" என்ற திட்டத்தில் 8 லட்சத்திற்கும் மேற்பட்ட லாப்டாப்புகளை வாங்கிப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்தது. கிராமங்களில் 319 பள்ளிகளை எடுத்து ஆராய்ந்து பார்த்தவர்கள் 2012ஆம் வருஷம் முடிவைச் சொன்னார்கள். பிள்ளைகள் யந்திரத்தை அதிகமாகத் தொட்டார்கள். ஆனால் கணக்கிலும் பாஷையிலும் லாப்டாப் கிடைத்த பிள்ளைகளுக்கும் கிடைக்காத பிள்ளைகளுக்கும் வித்தியாசம் காணவில்லை என்று சொன்னார்கள். ஏன்? கலப்பையைக் கொண்டுவந்து களத்தில் போட்டால் நிலம் தானாக உழுதுகொள்ளுமா? உழுகிறவனுக்கு அல்லவா முதலில் கைப்பழக்கம் வேண்டும்?

நமக்குப் பக்கத்திலே இருக்கிற கேரளத்தைப் பாருங்கள். அங்கே 2001ஆம் வருஷத்திலேயே "ஐ.டி. அட் ஸ்கூல்" என்று ஒரு திட்டத்தை ஆரம்பித்தார்கள். 2017ஆம் வருஷம் அதுவே "கைட்" என்ற சர்க்கார் ஸ்தாபனமாக ஆயிற்று. அவர்கள் செய்ததில் இரண்டு காரியங்களை நாம் கவனிக்க வேண்டும். ஒன்று, வாத்தியார்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கம்பெனிக்காரர்களைக் கூப்பிடாமல், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திப் பழகிய ஆசிரியர்களையே பயிற்சியாளர்களாக ஆக்கினார்கள். வகுப்பறையின் கஷ்டம் தெரிந்தவன் சொன்னால் வாத்தியார் காது கொடுத்துக் கேட்பார். இரண்டாவது, ஒரு கம்பெனி பூட்டிவைத்து விற்கிற சாமானை வாங்காமல், யாரும் எடுத்துப் பார்த்துத் திருத்தி, பிறருக்கும் கொடுக்கக்கூடிய கட்டற்ற மென்பொருளையே பள்ளிகளில் பழக்கினார்கள். பிற்பாடு அந்தக் கைட் ஸ்தாபனமே ஆசிரியர்களுக்கு "கூல்" என்ற ஆன்லைன் பயிற்சியை நடத்த ஆரம்பித்தது. அடியில் ஆட்களைத் தயார் செய்துவிட்டு, அதன் மேல் ஆன்லைனை வைத்தார்கள். நாமோ மேலே இருப்பதை முதலில் வைத்துவிட்டு, அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்கிறோம்.

தமிழ்நாட்டிலும் சாதனங்களுக்குக் குறைவு என்று சொல்ல முடியாது. பாடப்புத்தகத்தில் கியூ.ஆர். கோடு அச்சடித்திருக்கிறார்கள், 2019ஆம் வருஷம் கல்வித் தொலைக்காட்சி வந்தது, உயர்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வைத்தார்கள், 2024இல் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு டேப்லெட் கொடுத்தார்கள். எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் அந்த டேப்லெட் பல இடங்களில் பீரோவுக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்றால், "தொலைந்துபோனால் யார் பதில் சொல்லுவது?" என்ற பயம் தான் காரணம். நான் பயந்த பயமும் அதுதான்.

எது திறமை?

திறமை என்றால் என்ன என்பதை நாம் முதலில் தீர்மானிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்பத் தெரிவது திறமையல்ல. கீழ்க்கண்ட காரியங்களை ஒரு உபாத்தியாயர் பிறர் உதவியின்றித் தானே செய்தால், அவரைத் திறமையுள்ளவர் என்று நான் ஒப்புக்கொள்ளுவேன்.

வகுப்புப் பிள்ளைகளின் மார்க்கைக் கேள்வி வாரியாக ஒரு அட்டவணையில் போட்டு, எந்தக் கேள்வியில் அதிகம் பேர் தவறினார்கள் என்று கண்டுபிடித்து, அடுத்த நாள் அதையே திரும்ப நடத்துவது, ஒன்று.

வகுப்பிற்கு வராத பிள்ளை பிறகு கேட்கும்படி, செல்போனில் மூன்று நிமிஷத்திற்கு ஒரு பாடத்தைப் பேசிப் பதிவு செய்து, கொஞ்சம் டேட்டாவில் போய்ச் சேரும்படி சுருக்கி அனுப்புவது, இரண்டு.

பிள்ளைகளின் போட்டோவையும் ஆதார் நெம்பரையும் கண்ட குரூப்பில் போடாமல் காப்பது, தன் பாஸ்வேர்டைத் தன்னிடமே வைத்திருப்பது, மூன்று. (இது எனக்கு.)

நான்காவது தான் மிகவும் முக்கியமானது. ஒரு படமோ செய்தியோ வந்தால், அது உண்மையா பொய்யா என்று சோதித்துப் பார்ப்பது. சிலை கண் திறந்தது என்று ஒரு படம் வருகிறது. நாளைக்கு லீவு என்று ஒரு உத்திரவு வருகிறது. அந்தப் படம் வேறு எங்கே, எப்போது வந்தது என்று கூகுளில் தேடிப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். அதைத் தான் செய்து பார்த்து, பிள்ளைகளையும் செய்யப் பழக்குகிற ஒரு வாத்தியார், நம்மைப் போன்றவர்கள் நூறு மேடையில் பேசிச் செய்ய முடியாத காரியத்தைச் செய்துவிடுகிறார். கேட்டதை நம்பாதே, சோதித்துப் பார் என்பதைப் பிள்ளையின் விரலுக்கே கற்றுக்கொடுத்துவிடுகிறார்.

இப்பொழுது செயற்கை நுண்ணறிவு என்று ஒன்று வந்திருக்கிறது. 2022ஆம் வருஷம் நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல் சிலர் அதைத் தெய்வம் என்கிறார்கள். சிலர் பேய் என்கிறார்கள். அது இரண்டுமல்ல. மனிதன் எழுதிக் குவித்ததையெல்லாம் படித்து, அடுத்தபடி எந்த வார்த்தை வரும் என்று கணக்குப் போட்டு எழுதுகிற யந்திரம். கேள்வித்தாள் தயாரிக்க ஒத்தாசை செய்யும். அதே முகத்தோடு இல்லாத புத்தகத்திற்குப் பேரும் வருஷமும் சொல்லும். தன் பாடத்தை நன்றாகத் தெரிந்த வாத்தியாருக்கு அது நல்ல குமாஸ்தா. பாடம் தெரியாத வாத்தியாருக்கோ அது குருவாகிவிடும், அதுதான் ஆபத்து. ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் 2024ஆம் வருஷம், இந்த விஷயத்தில் ஆசிரியர்களுக்கு இருக்கவேண்டிய தகுதிகளைத் தனியாகவே வகுத்து வெளியிட்டிருக்கிறது. அதன் முதல் அம்சமே, மனிதனை நடுவில் வைத்துப் பார்க்கும் மனோபாவம் வேண்டும் என்பதாகும்.

சில ஆட்சேபணைகள்

"வயதானவர்களுக்கு இது வராது" என்கிறார்கள். எனக்கு 56 வயதில் வந்தது. எப்படி வந்ததென்று சொல்லுகிறேன். எங்கள் பள்ளிக்கு 26 வயதுப் பெண் ஒருவர் ஆசிரியையாக வந்தார். அந்தப் பாங்கி நெம்பர் சம்பவத்திற்குப் பிறகு நான் வெட்கத்தை விட்டு அவரிடம் போய், "எனக்குக் கற்றுக்கொடு அம்மா" என்றேன். அதற்குமுன் மற்றவர்களிடம் கேட்டால், "தள்ளுங்க சார்" என்று சொல்லி அவர்களே படபடவென்று அடித்து முடித்துவிடுவார்கள். அந்தப் பெண்ணோ இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, "சார், நான் தொடமாட்டேன். நீங்களே செய்யுங்க. தப்பானா திருத்திக்கலாம்" என்றார். முதல் நாள் ஒரு பிள்ளையின் பேரை ஏற்ற அரைமணி நேரம் ஆயிற்று. பத்தாம் நாள் இரண்டு நிமிஷம் ஆயிற்று. 30 வருஷம் பாடம் நடத்திய எனக்கு, பாடம் நடத்துவது எப்படி என்று அந்தக் கட்டிய கைகள் தான் கற்றுக்கொடுத்தன. பிறகு ஆன்லைன் பயிற்சியில் பார்த்த அதே வீடியோக்களைத் திரும்பப் பார்த்தேன். இந்தத் தடவை புரிந்தது. ஏனென்றால், இந்தத் தடவை எனக்குக் கேள்வி இருந்தது.

"இளவயது ஆசிரியர்களுக்குத் தானாகவே தெரியும்" என்கிறார்கள். ரீல்ஸ் தள்ளிப் பார்க்கத் தெரிவதும் பாடத்திற்கு உபயோகிக்கத் தெரிவதும் ஒன்றல்ல. சைக்கிள் விடத் தெரிந்தவன் எல்லாம் பஸ் ஓட்டிவிட முடியுமா?

"யந்திரம் வாத்தியார் வேலையைப் பிடுங்கிக்கொள்ளும்" என்கிறார்கள். பிள்ளை பசியோடு வந்திருக்கிறதா, அழுதுவிட்டு வந்திருக்கிறதா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற வாத்தியாரை எந்த யந்திரம் பிடுங்கும்? புத்தகத்தைப் பார்த்து வாசிப்பது மாத்திரமே ஒருவருடைய வேலையாக இருந்தால் அந்த வேலை போகட்டும், போவதால் நஷ்டமில்லை.

"பள்ளிக்கூடத்தில் இன்டர்நெட்டே இல்லையே" என்கிறார்கள். இது நியாயமான ஆட்சேபணை. மத்திய சர்க்காரின் 2023-24 வருஷத்துக் கணக்குப்படியே இந்தியாவில் வேலை செய்கிற கம்ப்யூட்டர் உள்ள பள்ளிகள் நூற்றுக்குச் சுமார் 57. இன்டர்நெட் உள்ளவை சுமார் 54. மீதிப் பள்ளிகளில் வாத்தியார் சொந்தச் செல்போனில் சொந்தக் காசில் டேட்டா போட்டுப் பயிற்சி முடிக்கிறார். தச்சனுக்கு வேலை கொடுத்துவிட்டு உளியை வீட்டிலிருந்து கொண்டுவா என்று சொல்லுவது என்ன நியாயம்?

இன்னொன்று, பெண் ஆசிரியைகளின் கஷ்டம். பகலெல்லாம் பள்ளிக்கூடம், சாயங்காலம் வந்தால் அடுப்பு, குழந்தை, மாமியார். ராத்திரி பத்து மணிக்குமேல் கண் சொருகும்போது ஆன்லைன் பயிற்சி. அதே பயிற்சியைப் புருஷ ஆசிரியர் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு செய்கிறார். இருவருக்கும் ஒரே சர்டிபிகேட்! "எந்த நேரத்திலும் படிக்கலாம்" என்று விளம்பரம் செய்கிறார்கள். எந்த நேரத்திலும் என்பது, பெண்ணுக்குத் தூங்கும் நேரத்தில் என்று அர்த்தமாகிவிடக் கூடாது.

செய்ய வேண்டியது என்ன?

உபாத்தியாயத் தோழர்களே! சர்க்காரை எதிர்பார்த்துக் காத்திருக்காமல் நாமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளில் இருக்கிற ஐந்தாறு பேர் மாதத்திற்கு ஒரு சனிக்கிழமை ஒரு பள்ளியில் கூடுங்கள். ஆன்லைன் பாடத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே பார்த்துவிட்டு வாருங்கள். கூடினவுடன் மறுபடி வீடியோ பார்க்க வேண்டாம். ஒவ்வொருவரும் ஒரு வேலையைச் செய்து காட்டுங்கள். ஒரு மாதம் மார்க் அட்டவணை, ஒரு மாதம் மூன்று நிமிஷப் பாடம், ஒரு மாதம் பொய்ச் செய்தியைச் சோதிப்பது, இப்படிச் செய்யுங்கள். அடுத்த மாதம் வரும்போது, அந்த வேலையை வகுப்பில் செய்து பார்த்ததில் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதைக் கொண்டுவாருங்கள். அந்தக் கூட்டத்திற்கு இரண்டே சட்டம் போதும். தெரியாதவரைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது. தெரிந்தவர் மற்றவருடைய யந்திரத்தைத் தொடக்கூடாது.

சர்க்காரிடம் நாம் கேட்க வேண்டியது மூன்று. பயிற்சிக்கு வேலை நேரத்திலேயே நேரம் கொடுங்கள். டேட்டாவுக்குப் பணம் கொடுங்கள். ஆசிரியரை எத்தனை சர்டிபிகேட் என்று எண்ணாமல், அவர் செய்து காட்டிய வேலையைப் பார்த்து மதிப்பிடுங்கள். யந்திரத்தில் விவரம் ஏற்றும் குமாஸ்தா வேலையைக் குறைத்தால், யந்திரத்தை வைத்துப் பாடம் நடத்தும் வாத்தியார் வேலைக்கு நேரம் கிடைக்கும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பள்ளிக்கூடத்திற்குப் போனால், "என் பிள்ளை இந்த மாதம் அந்த டேப்லெட்டில் என்ன செய்தது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நீங்கள் கேட்டால் பீரோ திறக்கும். வாத்தியார் "எனக்கே இன்னும் சரியாகத் தெரியவில்லை, கற்றுக்கொண்டிருக்கிறேன்" என்று பதில் சொன்னால், அவரைக் கேவலமாக நினைக்காதீர்கள். நான் அன்றைக்கு அந்தத் தாயிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால், அவள் மூன்று தடவை நடந்திருக்க வேண்டியதில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டேன். வெட்கப்பட வேண்டியது, தெரியாமலே கையெழுத்துப் போட்டதற்குத்தான்.

அந்தப் பெண்ணின் கணக்கை நானே உட்கார்ந்து, நானே அடித்து, இரண்டு தடவை சரிபார்த்துத் திருத்தினேன். அடுத்த வருஷம் பணம் வந்தது. போன வருஷத்துப் பணம் வரவேயில்லை. அந்தக் கணக்கு இன்னும் என் பேரில் பாக்கி நிற்கிறது. அதைத் தீர்க்க வேறு வழி தெரியாததனால் தான், கூப்பிட்ட ஊருக்கெல்லாம் போய் இதைப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

தோழர்களே! நான் ஏதேதோ சொல்லிவிட்டேன். இவற்றில் தப்பிருந்தால் எடுத்துக் காட்டுங்கள், திருத்திக்கொள்ளத் தயாராக இருக்கிறேன். சரியாக இருந்தால் கைதட்டுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், உபாத்தியாயர்கள் வருகிற சனிக்கிழமை எந்தப் பள்ளியில் கூடுவது என்பதை இந்தக் கூட்டம் கலைவதற்குள் பேசி முடிவு செய்துகொண்டு போகும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.